சாக்ஸ் போட்ட கண்ணாடி

ரெண்டாம் ஷிப்ட் முடித்து
சுரங்கத் தூசியைக் கழுவிவிட்டுப் படுத்தால்
விடிவதற்குள் தகரத்தில் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
டக். டக்டக். டக்.

கொல்லைக் கதவைத் திறந்தேன்.
முருங்கையடியில் நிறுத்தியிருந்த வண்டியின்
இடது கண்ணாடியில்
ஒரு தவிட்டுக்குருவி
தன்னையே கொத்திக்கொண்டிருந்தது.
மற்ற ஆறும் கீழே
பலாச்சருகைப் புரட்டிக்கொண்டு
நடுநடுவே தலையைத் தூக்கி
விடாதே, விடாதே என்று கத்துகின்றன,
வரப்புத் தகராறுக்கு வந்த
பெண்வீட்டுக்காரர்கள் போல.

ச்சூ என்றேன்.
ஏழும் எலுமிச்சைக்குள் மறைந்தன.
நான் பல்பொடி எடுத்து வருவதற்குள்
ஏழும் வந்துவிட்டன.

கண்டக்டர் எங்கே என்று பார்த்தேன்.
கண்டக்டர் எங்கள் நாய்.
வேகாக்கொல்லைக்கு வருகிற பஸ்களையெல்லாம்
ஊரெல்லை வரை குரைத்து
ஏற்றிவிட்டு வருவதால் அந்தப் பெயர்.
முதல் பஸ் போய்விட்டதால்
தண்ணீர்த்தொட்டி ஈரத்தில் மல்லாந்து கிடந்தான்.
குருவி விவகாரம் அவன் ரூட்டில் வராது.

"மூணு நாளா நடக்குது,
பொண்டாட்டி தோடு மாத்துனதே தெரியாத ஆளுக்கு
இது எங்க தெரியப்போவுது"
என்றாள் அஞ்சலாட்சி.
நான் அவசரமாகக் காதைப் பார்த்தேன்.
பழைய தோடுதான்.

"அது அதுதான்னு அதுக்குத் தெரியாதாப்பா?"
மதிவதனி கேட்டாள்.
எனக்கே ஷிப்ட் முடிந்து பார்த்தால்
கண்ணாடியில் வேறு ஆள்தான் இருக்கிறான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

உள்ளே ஓடி
போன வருஷத்துப் பள்ளிக்கூட சாக்ஸைக் கொண்டுவந்தாள்,
எலாஸ்டிக் தொய்ந்தது,
விரல் நுனியில் ஒரு பொத்தல்.
இடதுக்கு ஒன்று. வலதுக்கு ஒன்று.
குருவி வந்தது.
மேலே உட்கார்ந்து இப்படிக் குனிந்தது,
அப்படிக் குனிந்தது.
எதிரி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான்.
அவ்வளவு கோபத்தையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்
சீட்டில் எச்சமிட்டது.
பிறகு ஏழும் கத்தரிப்பாத்திக்குக் கரையான் பொறுக்கப் போயின.
பூனை மட்டும் சாக்ஸை முகர்ந்துவிட்டு
என்னை ஒரு மாதிரி பார்த்தது.

மதியம் வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.
அதே அவசரத்தில் வண்டியை எடுத்தேன்.
முந்திரித்தோப்பு ரோட்டில் கை காட்டிச் சிரித்தவர்களுக்கு
நானும் கை காட்டினேன்,
நல்ல மனுஷர்கள் என்று.

ஆர்ச் கேட் அருகே போலீஸ்காரர் நிறுத்தினார்.
"என்னய்யா, வண்டிக்குக் குளிருதா?"
"குருவி, சார்."
லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தவிட்டுக்குருவியா?"
"ஆமா, சார்."
"எங்க வீட்ல மைனா" என்றார் மெதுவாக.
"பீரோக் கண்ணாடி. ஜன்னலத் தொறக்க முடியல."
அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்.

ராத்திரி திரும்பும்போது
சுரங்கத்து விளக்குகள் முழுக்கக்
கண்ணாடிக்குள் ஏறிக்கொண்டு
கொஞ்ச தூரம் கூட வந்தன,
பிறகு ஒரு திருப்பத்தில் இறங்கிக்கொண்டன.
வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று.
கண்டக்டர் மட்டும் வாலால் மண்ணை ரெண்டு தட்டுத் தட்டினான்.
பையிலிருந்து சாக்ஸை எடுத்து
பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதுபோல்
இழுத்து மாட்டிவிட்டேன்.

இப்படியே ஒரு மாசம்.
கொல்லையில் ஏழின் கூச்சல் உண்டு,
தகரத்தில் ஆணி இல்லை.
சத்தமில்லாமல் விடிந்தால் எனக்குத்தான் முழிப்பு தட்டுகிறது.

நேற்று அஞ்சலாட்சி
பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து
துவைகல்மேல் கவிழ்த்திருந்தாள்.
இன்று விடியற்காலை,
டிங்.
கொஞ்சம் பொறுத்து, டிங்டிங்.

மூன்று பேரும் கதவருகே நிற்கிறோம்.
குடத்துக்கு என்ன அளவு வரும் என்று
மதிவதனி
தன் பழைய பாவாடையை விரித்துப் பார்க்கிறாள்.